இல்லாத நோய்க்குக் காவல்

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானவர்; அதன்பின் கண்டறியப்பட்டவை எல்லாம் வெளிநாடு சென்று திரும்பியவர்களோ அங்கிருந்து வந்தவர்களோ கொண்டுவந்த தொற்றுகள். சான்று கிடைத்த அதே ஆண்டு டிசம்பரில், மன்னார்த் தீவின் பேசாலையில் வீட்டுக் கிணறுகளைச் சோதித்த பூச்சியியல் பணியாளர்கள் அந்நாட்டில் அதுவரை பதிவாகாத ஒரு கொசுவின் புழுக்களைக் கண்டார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பழைய கொசு. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகி, நகர மலேரியாவைத் தலைமுறை தலைமுறையாகப் பரப்பியது அதுதான்.

இலங்கைச் சுகாதாரத் துறையின் முன் இருந்த கேள்வி எளிதானதாகத் தோன்றலாம்: இது எவ்வளவு பெரிய ஆபத்து? நோயாளிகள் யாரும் இல்லை. இறப்பு இல்லை. கையில் இருந்தவை சில கிணறுகளில் அள்ளிய புழுக்கள் மட்டுமே. ஆண்டறிக்கையின் அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம் நிற்கும்போது ஆபத்தை எப்படி எடைபோடுவது என்பதே உயிரியல் ஆபத்து மதிப்பீட்டின் மிகக் கடினமான பகுதி. ஒரே கொசு, சில ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நாடுகளின் கரையில் இறங்கியது. அந்நாடுகள் அதை எடைபோட்ட விதத்தையும் அதன் விளைவையும் பார்த்தால் இந்தத் துறை எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தோற்கிறது என்பது புலப்படும்.

ஆபத்தைக் கணக்கிடப் பொறியியலும் காப்பீடும் கற்றுத்தந்த வழி ஒன்று உண்டு. கெடுதல் நிகழும் வாய்ப்பு எவ்வளவு, நிகழ்ந்தால் இழப்பு எவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் ஆபத்தின் அளவு கிடைக்கும். கொதிகலன் வெடிப்பதற்கு இந்தக் கணக்கு பொருந்தும். கொதிகலன் குட்டி போடாது. உயிருள்ள ஆபத்து தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது, இடம் மாறுகிறது, புதிய சூழலுக்கு ஏற்பத் தன் நடத்தையை மாற்றுகிறது. அதனால் அயல் உயிரினங்களைப் பற்றிய மதிப்பீட்டில் வருகை, நிலைபெறுதல், பரவல், விளைவு என்று படிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாய்ப்பைக் கணிக்கிறார்கள். அப்படிப் பிரித்த பிறகும் ஒன்று விடுபட்டுப்போகிறது. அது காலம். இன்று ஊரின் சில கிணறுகளில் இருக்கும் புழு அடுத்த ஆண்டு எத்தனை கிணறுகளில் இருக்கும் என்பதைப் பொறுத்து, அதை அழிக்க ஆகும் செலவும் அழிக்க முடியுமா என்ற கேள்விக்கான விடையும் மாறுகின்றன. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான மதிப்பீட்டு அறிக்கைகளில் அந்த விலைக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை என்பதே என் முதன்மையான குறை.

மலேரியாவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் கணக்கில் மூன்று காரணிகள் இருக்கின்றன. ஒட்டுண்ணியைச் சுமந்த மனிதரோ கொசுவோ ஓரிடத்துக்கு வந்துசேரும் வாய்ப்பு ஒன்று. அந்த இடத்தின் கொசுக்களும் தட்பவெப்பமும் மக்களின் வாழ்நிலையும் நோய்ப் பரவலுக்கு இடம் கொடுக்கும் தன்மை இன்னொன்று. வந்த ஒட்டுண்ணி அங்குள்ள கொசுவுக்குள் வளரக்கூடியதா என்பது மூன்றாவது. மூன்றையும் பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதால், ஏதாவது ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். நோயை ஒழித்த நாடுகள் நிம்மதியாக உறங்குவது இந்தப் பூஜ்யத்தை நம்பித்தான்.

இலங்கையின் மலேரியாவைப் பரப்பிய முதன்மைக் கொசு அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். ஆற்று மணற்படுகையில் நீர் வற்றித் தேங்கும் குட்டைகளில் அது முட்டையிடும். 1934இல் மழை பொய்த்து, எப்போதும் ஓடிக்கொண்டிருந்த தென்மேற்கு ஆறுகள் குட்டை குட்டையாகச் சிதறியபோது வந்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்த அனுபவம் இலங்கையின் கணக்கையே வடிவமைத்தது: ஆற்றோரக் கிராமங்கள் ஆபத்தானவை, நகரங்கள் பெருமளவு பாதுகாப்பானவை. ஸ்டீபன்சி வந்ததும் இந்த வரைபடம் கலைந்தது. அதற்கு ஆறு வேண்டாம். சிமெண்டுத் தொட்டி, வீட்டுக் கிணறு, கட்டுமானக் குழி, மூடி சரியாக உட்காராத பிளாஸ்டிக் டேங்க் இவற்றில் எது கிடைத்தாலும் போதும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிணறு இல்லாத வளவுகளைத் தேடத்தான் வேண்டும். நோய்ப் பரவலுக்கு ஏறக்குறைய இடம் தராத ஊர்கள் என்று எண்ணியிருந்த இடங்களில் அந்தக் காரணி பூஜ்யத்திலிருந்து மேலே எழுந்தது. ஒட்டுண்ணி வந்துசேரும் வாய்ப்போ ஒருபோதும் பூஜ்யமாக இருந்ததில்லை. 2018இல், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து இலங்கையில் இன்னொருவருக்கு மலேரியா தொற்றியது. ஒழிப்புச் சான்றுக்குப் பிறகு அந்நாட்டுக்குள் நிகழ்ந்த முதல் பரவல் அது. அதில் ஸ்டீபன்சியைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் பெருக்கலின் மற்ற உறுப்புகள் உயிரோடு இருக்கின்றன என்பதை அது காட்டியது.

இலங்கையில் இதற்கு முன்பும் ஒருமுறை இந்தப் பூஜ்யத்தை நம்பிக் கெட்டிருக்கிறார்கள். டி.டி.டி. தெளிப்பின் வெற்றியால் 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் நோயாளிகள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். 2016இல் பேசாலையின் கிணறுகளை யாரோ ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இந்த நினைவும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

இனி ஜிபூட்டி. செங்கடலின் வாயில் இருக்கும் சிறிய நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய 10 இலட்சம், அதில் பெரும்பகுதி தலைநகரிலேயே. எத்தியோப்பியாவின் கடல் வணிகம் பெரும்பாலும் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் நடக்கிறது. ஜெர்மன் ராணுவத்தின் பூச்சியியலாளர் மிக்காயேல் ஃபால்டேயின் குழு 2012இல் அங்கே ஸ்டீபன்சி கொசுவைப் பிடித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் அந்தப் பகுதியில் அதுதான் முதல் பதிவு. அந்த ஆண்டு ஜிபூட்டியில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். ஒழிப்பை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்த நாடு அது. கண்டுபிடிப்பு 2014இல் ஆய்விதழில் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கொசுவைப் பற்றி அதிகாரபூர்வ எச்சரிக்கை வெளியிட்டது 2019இல். 2020இல் ஜிபூட்டியின் நோயாளிகள் 73,000க்கு மேல்.

எட்டு ஆண்டுகளில் 27 எப்படி 73,000 ஆனது? கொசு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மக்கள் இடம்பெயர்வும் சுகாதாரக் கட்டமைப்பின் போதாமையும் பரிசோதனைகள் பெருகியதும் அந்த எண்ணிக்கையில் கலந்திருக்கின்றன. கொசு வந்துவிட்ட எல்லா இடங்களிலும் மலேரியா இப்படிப் பொங்கவில்லை என்பதும் உண்மை. இந்தக் குழப்பத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையான மதிப்பீட்டின் முதல் தகுதி. ஆனால் ‘காரணம் உறுதியாகும்வரை காத்திருப்போம்’ என்று முடிவெடுப்பதற்கும் இதே குழப்பத்தைத்தான் சாக்காக வைத்தார்கள். உறுதி கிடைக்கும்போது கொசு எத்தியோப்பியாவுக்குப் போய்விட்டிருந்தது.

எத்தியோப்பியாவில் அது முதலில் பிடிபட்டது 2016இல், கெப்ரி தெஹார் என்ற ஊரில். கொசுவுக்கும் நோய்ப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது டிரே தாவா நகரில். ஜிபூட்டியிலிருந்து அடிஸ் அபாபா செல்லும் ரயில் தடத்தில் இருக்கும் வணிக நகரம் அது. 2019ஆம் ஆண்டு முழுவதும் அங்கே 200 சொச்சம் நோயாளிகள். 2022இல் ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதங்களில் மட்டும் 2,400க்கு மேல். அதுவும் மழையற்ற காலத்தில். ஆப்பிரிக்க மலேரியாவின் பழைய ஒழுங்கின்படி நோய் அடங்கியிருக்க வேண்டிய மாதங்களில். ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீடுகளையும் நோயில்லாதவர்களின் வீடுகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் வீட்டருகே தண்ணீர்த் தொட்டிகளும் அவற்றில் ஸ்டீபன்சி புழுக்களும் அதிகம் இருந்தன. அங்கே பிடிபட்ட அனோபிலிஸ் கொசுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இனமே. அத்தோடு முடியவில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிகளில், ஆர்ட்டிமிசினின் மருந்தின் வேகத்தைத் தணிக்கும் மரபணு மாற்றமும், விரைவுப் பரிசோதனைப் பட்டையின் கண்ணில் படாமல் தப்பவைக்கும் மரபணு நீக்கமும் காணப்பட்டன. பூச்சிக்கொல்லிகள் பலவற்றைத் தாங்கும் கொசு, மருந்துக்கு முரண்டு பிடிக்கும் ஒட்டுண்ணி, அதைக் காணத் தவறும் பரிசோதனை ஆகிய மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பில் தனித்தனிக் குழு மதிப்பிடும் வழக்கம் இப்படிப்பட்ட கூட்டுக்கு விடை சொல்லாது.

ஆப்பிரிக்காவில் இது ஏன் இவ்வளவு கவலைக்குரியது? அங்கே மலேரியா பெரிதும் நாட்டுப்புற நோய். அதைப் பரப்பும் முதன்மைக் கொசுவான அனோபிலிஸ் கேம்பியே மழைக்குட்டைகளில் பெருகி, நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கும். மருந்தூட்டிய கொசுவலையும் சுவரில் தெளிக்கும் மருந்தும் அதைக் குறிவைத்துத்தான் வடிவமைக்கப்பட்டன; இலட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றவும் செய்தன. ஸ்டீபன்சி நகரத்தில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. மாலையிலேயே கடிக்கத் தொடங்கிவிடுகிறது, மாட்டுக் கொட்டகையிலும் ஓய்வெடுக்கிறது. வலைக்குள் போவதற்கு முன்பே கடித்துவிடும் கொசுவுக்கு வலையால் என்ன பயன்? மரியான் சிங்காவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2020இல் வெளியிட்ட கணிப்பு, வெப்பநிலை, மழை, மக்கள் அடர்த்தி போன்றவற்றை வைத்து, இந்தக் கொசு பரவினால் ஆப்பிரிக்க நகரங்களில் மேலும் 12.6 கோடி மக்கள் மலேரியா ஆபத்துக்கு உள்ளாவார்கள் என்றது. அதன்பின் நைஜீரியா, கானா, கென்யா என்று பதிவுகள் வந்தன. கிழக்குக் கரையில் இறங்கியது மேற்குக் கரையிலும் தென்பட்டது.

இத்தகைய கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்? கொசு இதுவரை எங்கெல்லாம் பிடிபட்டதோ அந்த இடங்களின் தட்பவெப்பத்தைக் கற்றுக்கொண்டு, அதே போன்ற இடங்களை வரைபடத்தில் நிறமிட்டுக் காட்டுவதே அவற்றின் அடிப்படை. இரண்டு பலவீனங்கள் உண்டு. நிழலில் இருக்கும் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் நிலவும் தட்பவெப்பம் வானிலை நிலையத்தில் பதிவாவதில்லை; பாலைவன ஊரிலும் தொட்டிக்குள் ஈரம் இருக்கும். இன்னொன்று இதைவிட ஆழமானது. தேடிய இடத்தில்தான் கொசு கிடைக்கும். தேடாத இடத்தை ‘இல்லை’ என்று கணினிக்குச் சொன்னால் அது அந்த அறியாமையைப் பாதுகாப்பாக மாற்றி வரைபடத்தில் வெள்ளையடிக்கும். ஆப்பிரிக்கப் பூச்சியியலாளர்கள் காலங்காலமாகக் கிராமத்து மழைக்குட்டைகளில்தான் புழு அள்ளினார்கள். நகரத் தொட்டிகளைப் பார்த்தவர்கள் டெங்குக் கொசுவைத் தேடிப் போனவர்கள். இரு குழுக்களின் நடுவே விழுந்த இடைவெளியில் ஸ்டீபன்சி எத்தனை காலம் குடியிருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

இருந்தும் கணிப்புகளை ஒதுக்க வேண்டியதில்லை. கப்பல் போக்குவரத்தை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு என் மதிப்பில் மிக முக்கியமானது. ஸ்டீபன்சி வாழும் நாடுகளிலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக் கப்பல்களின் எண்ணிக்கையையும் வாழ்விடப் பொருத்தத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தினார்கள். 2011ஆம் ஆண்டின் தரவை மட்டும் உள்ளிட்டபோது முதலிரண்டு இடங்களில் வந்தவை சூடானும் ஜிபூட்டியும். கொசு முதலில் தென்பட்ட நாடுகளில் அவை இரண்டும் அடக்கம். அதாவது எச்சரிக்கைக்குத் தேவையான தகவல் அன்றே இருந்தது. அதை அந்தக் கேள்வியோடு எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. துறைமுக வளாகத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் தூரத்துக்கு நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேச சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன. விதி இருந்தும் கொசு இறங்கியது.

கடல் தாண்டிய மலேரியாக் கொசுவின் கதையில் இது இரண்டாவது அத்தியாயம். 1930 மார்ச்சில் பிரேசிலின் நட்டால் நகரில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பூச்சியியலாளர் ரேமண்ட் ஷானன் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவின் புழுக்களைக் கண்டார். டாக்கரிலிருந்து தபால் கொண்டுவந்த வேகமான பிரெஞ்சுக் கப்பல்களில் அது வந்திருக்க வேண்டும். நட்டாலில் நோய் வெடித்தது, ஊருக்குள் கட்டுப்படுத்தினார்கள். பின் அமைதி. அந்த அமைதியை ஆபத்து நீங்கிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். கொசுவோ கரையோரமாக வடமேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. 1938இல் ஜகுவாரிபே பள்ளத்தாக்கில் வெடித்தபோது ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 14,000 பேர் இறந்தார்கள் என்பது அக்காலக் கணக்கு. பிறகுதான் ஃபிரெட் சோப்பரின் தலைமையில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் குட்டை குட்டையாகப் பாரிஸ் பச்சை என்னும் நஞ்சைத் தூவி, 1940 முடிவதற்குள் அந்தக் கொசுவைப் பிரேசிலிலிருந்தே துடைத்தெறிந்தார்கள். பொதுச் சுகாதார வரலாற்றில் மகத்தான வெற்றி அது. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் ஷானன் கண்ட புழுக்களுக்கும் சோப்பரின் படைக்கும் இடையே கழிந்த ஆண்டுகள்தான் உறுத்துகின்றன. அந்த ஆண்டுகளில் யாரும் பொய் சொல்லவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது, அதை அப்படியே எழுதினார்கள். தவறு, நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கொசுவின் ஆபத்தை அளந்ததில்.

மன்னாரில் இந்தத் தவறு நிகழவில்லை. இலங்கையின் மலேரியாத் தடை இயக்கம் நோயாளி இல்லாத ஊரிலும் புழு தேடும் வழக்கத்தை விடவில்லை. கண்டதும் கிணறுகளை வலையால் மூடினார்கள், புழு தின்னும் மீன்களை விட்டார்கள், மருந்திட்டார்கள். அப்படியும் கொசு யாழ்ப்பாணத்துக்குப் பரவியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சி. நோ. சுரேந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள், அங்குள்ள ஸ்டீபன்சி பல பூச்சிக்கொல்லிகளைத் தாங்குவதையும், உவர்நீரிலும் வளர்வதையும் காட்டின. முழு ஒழிப்பு கைகூடவில்லை. ஆனால் உள்ளூர்ப் பரவல் வேரூன்றவும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்பிடித்துச் சிகிச்சை அளித்து, அவர் தங்கிய இடத்தைச் சுற்றிக் கொசு தேடும் முறை அங்கே தொடர்கிறது. கொசுவை நீக்க முடியாதபோது, பெருக்கலின் இன்னொரு காரணியைப் பூஜ்யத்தருகே பிடித்துவைக்கிறார்கள்.

மீன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொசுப்புழுவைத் தின்னும் மீன்களில் புகழ்பெற்றது கம்பூசியா. 1928இல் இத்தாலியிலிருந்து அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகின் மிக மோசமான அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. விட்ட நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தவளைகளின் முட்டைகளையும் அது விட்டுவைப்பதில்லை. அடைபட்ட வீட்டுக் கிணற்றில் விடுவது வேறு. வெள்ளம் வந்தால் ஆற்றோடு கலக்கும் குளத்தில் விடுவது வேறு. ஓர் உயிரியல் ஆபத்துக்கு இன்னோர் உயிரை மருந்தாகக் கொள்ளும்போது, மருந்துக்கும் அதே கண்டிப்பான மதிப்பீடு வேண்டும். நெருக்கடியின் பதற்றத்தில் இந்தப் படிதான் முதலில் தாண்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் நாம் இந்தக் கொசுவோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிவிட்டோம். பழக்கம் நல்லதையும் செய்திருக்கிறது: கிணறுகளையும் தொட்டிகளையும் மூடச் சொல்லி வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள், அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்து, காய்ச்சல் வந்தவரின் இரத்தப் பரிசோதனை என்று சென்னை சேர்த்துவைத்த அனுபவம் பெரியது. இன்று டிரே தாவாவுக்கும் கென்யாவின் மொம்பாசாவுக்கும் தேவைப்படுவது அந்த அனுபவந்தான். கேம்பியே கொசுவைப் பற்றி ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குத் தெரியாதது இல்லை. மேல்நிலைத் தொட்டிக் கொசுவைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் சென்னையிலும் மன்னாரிலும் இருக்கிறார்கள். ஏணி வைத்து மாடி ஏறி மூடியைத் தூக்கிப் பார்க்கும் பணியாளரின் கைப்பழக்கம் எந்த வரைபடத்தையும்விட முந்தி எச்சரிக்கும். அவர்களில் பலர் தினக்கூலிக்கோ ஒப்பந்தத்திற்கோ வேலை செய்பவர்கள். நோயாளிகள் குறையும்போது முதலில் குறைக்கப்படும் பணியிடங்களும் அவர்களுடையவையே. ஒரு நாட்டின் உயிரியல் ஆபத்துக்கான மதிப்பீட்டை நான் படிக்க நேர்ந்தால், நிறமிட்ட வரைபடத்துக்கு முன்பு, பூச்சியியல் பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்ற பக்கத்தைத் தேடுவேன்.

அடுத்த சோதனை எகிப்துக்கு. 2024 அக்டோபரில் அந்நாடு மலேரியா அற்றது என்ற சான்றைப் பெற்றது. கப்பல் தரவை வைத்துச் செய்த அதே ஆய்வில், 2020ஆம் ஆண்டின் கணக்குப்படி ஸ்டீபன்சி வந்திறங்கும் வாய்ப்பு மிகுந்த நாடுகளில் எகிப்தும் ஒன்று. தெற்கே சூடானில் அந்தக் கொசு ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரிலிருந்து தப்பி இலட்சக்கணக்கான சூடானியர்கள் எகிப்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் காய்ச்சலோடு வருபவர்களைச் சந்தேகத்தோடு நிறுத்தாமல், கட்டணமில்லாப் பரிசோதனையும் மருந்தும் கொடுத்து வரவேற்பதே மூன்று காரணிகளில் ஒன்றைப் பூஜ்யத்தருகே வைக்கும் வழி. விரட்டினால் நோய் கணக்கில் வராமல் ஊருக்குள் மறையும். எகிப்துக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1942இல் சூடான் பக்கமிருந்து கேம்பியே கொசு நைல் வழியே மேல் எகிப்துக்குள் நுழைந்து பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தது. 1945க்குள் அதை ஒழித்துக் காட்டினார்கள். அஸ்வான் வட்டாரத்திலும் செங்கடல் துறைமுகங்களிலும் இப்போது எத்தனை தொட்டிகளின் மூடி தூக்கிப் பார்க்கப்படுகிறது என்பதுதான் அந்நாட்டின் ஆபத்து மதிப்பீடு முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.